பதிவேட்டில் இருப்பவன் பட்டறையில் இருக்கிறானா?

ஒவ்வொரு ஆண்டும் மே, ஜூன் மாதங்களில் அரசு ஐ.டி.ஐ. (தொழிற்பயிற்சி நிலையம்) வாசல்களில் ஃபிளெக்ஸ் கட்டுவார்கள். பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, காலணி, பாடப்புத்தகம், வரைபடக் கருவி, பஸ் பாஸ் எல்லாம் இலவசம் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். கலந்தாய்வு முடியும். மீதி இடங்களுக்கு நேரடிச் சேர்க்கை நடக்கும். கடைசித் தேதியை நீட்டிப்பார்கள், மறுபடியும் நீட்டிப்பார்கள். எத்தனை இடம் நிரம்பியது என்று ஆட்சியர் அலுவலகம் கேட்கும், இயக்குநரகம் கேட்கும், பத்திரிகை நிருபர் கேட்பார். அப்படிச் சேர்ந்த இருபது பேரில் எத்தனை பேர் இரண்டு ஆண்டும் நின்று சான்றிதழ் வாங்கினார்கள் என்று கேட்க, நான் வேலையில் இருந்த காலத்தில் அநேகமாக யாரும் வந்ததில்லை.

இப்போது கேட்கிறார்கள். நல்லதுதான். உலக வங்கிக் கடனோடு 2,200 கோடி ரூபாயில் நடந்த ‘ஸ்டிரைவ்’ திட்டம், தேர்ந்தெடுத்த ஐ.டி.ஐ.களுக்குச் செயல்திறனைக் கணக்குப் பார்த்தே பணம் கொடுத்தது. 2025 மே மாதம் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த 60,000 கோடி ரூபாய்த் திட்டம் ஆயிரம் அரசு ஐ.டி.ஐ.களைத் தரம் உயர்த்தப் போகிறது. பணம் வரும் வழியிலேயே இலக்கும் வரும். ‘இடைநிற்றலை இத்தனை சதவீதத்துக்குள் நிறுத்துக’ என்ற வரி சுற்றறிக்கையில் ஏற வெகுநாள் ஆகாது. ஃபிட்டர் பிரிவில் இளநிலைப் பயிற்சி அலுவலராகச் சேர்ந்து பயிற்சி அலுவலராக ஓய்வு பெற்றவன் நான். அந்த வரியை நினைத்தால் எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயமே அதிகம். ஒரு சதவீதக் கணக்கு வருகைப் பதிவேட்டுக்குள் நுழைந்தால் என்ன செய்யும் என்று பார்த்திருக்கிறேன்.

ஐ.டி.ஐ.யில் தேர்வு எழுத 80 சதவீத வருகை வேண்டும்; வராதவன் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்குவோம். நான் இருந்த ஒரு நிலையத்துக்கு, ‘பெயர் நீக்கம் அதிகமாக உள்ளது, விளக்கம் தருக’ என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. அடுத்த மாதத்திலிருந்து பெயர் நீக்கமே நின்றுவிட்டது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கைமடித்துக்கொண்டிருந்த பையனுக்கு எங்கள் பதிவேட்டில் காலை, மாலை இரண்டு வேளையும் ‘ஆஜர்’. அங்கே முதல்வராக இருந்தவர் கெட்டவர் இல்லை. விளக்கம் எழுதி எழுதிச் சலித்துப்போன மனிதர். ஆனால் அதில் நடந்த கெடுதல் இதுதான்: காகிதத்தில் போகாத பையனைத் தேடிப் போக வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லாமல் போனது. இப்போது விரல்ரேகையும் முகப்பதிவும் வந்துவிட்டதே என்பார்கள். காலையில் முகத்தைக் காட்டிவிட்டுச் சுற்றுச்சுவர் ஏறிக் குதிப்பவனை எந்தக் கருவி பிடிக்கும்?

ஆண்டில் ஒரே ஒரு நாள் எந்த ஐ.டி.ஐ.யிலும் இடைநிற்றல் இருக்காது. ஆயுத பூஜைக்கு முந்திய நாள். லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை கொடுக்கும்போது, ஆகஸ்டில் காணாமல் போனவன்கூட முழுச் சீருடையில் முன்வரிசையில் நிற்பான். அன்று எடுத்த படத்தை ஆய்வுக்கு அனுப்பினால் இலக்கு நூறு சதவீதம் எட்டியதாகிவிடும்.

பையன்கள் எப்போது போகிறார்கள் என்று பார்த்தால் ஏன் போகிறார்கள் என்பதில் பாதி தெரிந்துவிடும். ஆண்டு முழுக்கச் சமமாகச் சொட்டுச் சொட்டாக யாரும் போவதில்லை. முதல் ஆறு வாரத்தில் ஒரு கூட்டம் போகும். முதலாண்டுத் தேர்வு முடிந்து இரண்டாமாண்டு தொடங்கும் இடைவெளியில் இன்னொரு கூட்டம். நடுவில் போகிறவர்கள் குறைவு. அவர்களுக்குப் பெரும்பாலும் வீட்டில் சாவோ கடனோ நோயோ இருக்கும்.

முதல் ஆறு வாரத்தில் என்ன நடக்கிறது? ஃபிட்டர் பிரிவில் சேரும் பையனுக்குப் பத்தாம் வகுப்பு முடிந்திருக்கும், சிலர் பன்னிரண்டாவது. மாமாவோ அண்ணனோ ‘கம்பெனி வேலை’ என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். ரோபோ, சி.என்.சி. என்று செல்போனில் பார்த்த கனவோடு வருவான். நாங்கள் அவன் கையில் பன்னிரண்டு அங்குல அரத்தைக் கொடுத்து, வைஸில் ஓர் இரும்புப் பட்டையை இறுக்கி, ‘ராவு’ என்போம். அன்றும் ராவுவான், மறுநாளும் ராவுவான், அடுத்த வாரமும் ராவுவான். உள்ளங்கை கொப்புளிக்கும். டிரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தால் நடுவில் ஒளிக்கீற்று தெரியும். ‘இன்னும் ராவு’ என்போம். அரத்தைச் சாய்க்காமல் தள்ளுவதற்கு உடம்பு முழுவதும் பழக வேண்டும். கால் வைக்கும் இடம், முழங்கை, தோள் எல்லாம் சேர்ந்து ஒரு வேலை. அது தெரிந்த எனக்கு அதில் அழகு தெரிகிறது. தெரியாத பதினாறு வயதுப் பையனுக்கு இரும்புத்தூளும் அவமானமும்தான் தெரியும். மூன்றாம் வாரம் ஒருநாள் வரமாட்டான். நான்காம் வாரம் இரண்டு நாள். பிறகு அவன் இடத்தில் வைஸ் காலியாக நிற்கும்.

இதற்கு ராவுவதை நிறுத்திவிடு என்று நான் சொல்லவில்லை. ராவத் தெரியாத ஃபிட்டர் ஃபிட்டர் இல்லை. ஆனால் வரிசையை மாற்றலாம். முதலாண்டுப் பாடத்திட்டத்திலேயே தகர வேலை இருக்கிறது. அது பின்னால் வரும். நான் அதிலிருந்து ஒரு வேலையை மட்டும் இரண்டாம் வாரத்துக்கு இழுத்துக்கொண்டேன். தகரப் புனல். அளந்து, கோடு போட்டு, வெட்டி, சுருட்டி, மடித்து, பற்றவைத்தால் ஒரே நாளில் முடிந்துவிடும். சனிக்கிழமை அதை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்வேன். வீணான தகரத் துண்டுதான், ஸ்டோர் கணக்கில் அதற்கு இடமில்லை என்று எழுத்தர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும். அந்தப் புனலில் அம்மா எண்ணெய் ஊற்றுகிறாள். ‘எம்மவன் செஞ்சது’ என்று பக்கத்து வீட்டுக்குக் காட்டுகிறாள். திங்கட்கிழமை அவன் வராமல் இருக்க வேண்டுமென்றால் முதலில் அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். எந்த ஆலோசனை வகுப்பும் செய்யாத வேலையை அந்தப் புனல் செய்தது.

அதே ஆறு வாரத்தில் இன்னொரு கூட்டம் சத்தமில்லாமல் போகும். வெர்னியர் காலிப்பரின் மீச்சிற்றளவு 0.02 மில்லிமீட்டர். இதைச் சொல்லிக்கொடுக்கும் நாளில், தசமப் புள்ளி எங்கே வைப்பது என்று தெரியாத நாலைந்து பேர் தலையைக் குனிந்துகொள்வார்கள். பத்தாம் வகுப்பு பாஸ் என்று சான்றிதழ் சொல்லும். அவர்களிடம் கேட்டால் ‘புரியுது சார்’ என்பார்கள். புரியவில்லை என்று ஒத்துக்கொள்வதைவிட வராமல் இருப்பது சுலபம். இவர்களைப் பின்னால் ‘குடும்பச் சூழ்நிலை’ என்ற தலைப்பில் எழுதிக் கோப்பில் வைப்போம். குடும்பச் சூழ்நிலையும் இல்லை, ஒன்றும் இல்லை. ஐந்தாம் வகுப்புக் கணக்கு. சேர்ந்த முதல் மாதத்தில் தினம் ஒரு மணி நேரம் பின்னமும் தசமமும் மட்டும் நடத்தினால் தீர்ந்துவிடும். அதைச் செய்ய ஆள் வேண்டும்.

பஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு முறை எங்கள் வெல்டர் பிரிவில் காலை வருகை திடீரென்று விழுந்தது. ஒழுக்கக் கேடு என்று முடிவு கட்டிப் பெற்றோரை வரவழைக்கக் கடிதம் தயாரானது. விசாரித்தால், வராதவர்கள் எல்லாரும் ஒரே வழித்தடத்துக் கிராமத்துப் பையன்கள். அவர்கள் ஏறும் டவுன் பஸ்ஸின் நேரத்தை மாற்றியிருந்தார்கள். அடுத்த பஸ்ஸில் வந்தால் முதல் வகுப்பு முடிந்திருக்கும், தாமதத்துக்கு வெளியே நிறுத்திவிடுவோம். வெளியே நிற்பதைவிட வீட்டில் இருக்கலாம் என்று பையன்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள், சரியான கணக்கு. டிப்போ கிளை மேலாளரை நேரில் போய்ப் பார்த்துப் பேசியதில் நேரத்தைப் பழையபடி மாற்றிக்கொடுத்தார். வருகை திரும்பியது. இலவசப் பஸ் பாஸ் கொடுப்பதோடு பஸ் எத்தனை மணிக்கு வருகிறது என்றும் பார்க்க வேண்டும்.

பையன்கள் வெளியேறும் இரண்டாவது கட்டம், முதலாண்டுத் தேர்வுக்குப் பிந்தைய இடைவெளி, பணத்தின் வாசல். தமிழ்நாட்டில் அரசு ஐ.டி.ஐ.யில் படிப்பவனுக்கு 750 ரூபாய் உதவித்தொகை. அரசுப் பள்ளியிலிருந்து வந்தவனாக இருந்தால், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் இன்னும் 1,000. பெண்களுக்கு 2022இலிருந்தே புதுமைப் பெண் திட்டம். ஆக மாதம் 1,750. இது பெரிய உதவி, குறைத்துச் சொல்ல மாட்டேன். பல மாநிலங்களில் இதில் பாதிகூட இல்லை. ஆனால் முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்தில் பரிமாறப் போனால் ஒரே இரவில் எழுநூறு, எண்ணூறு கிடைக்கிறது. ஆவணி, தை மாதங்களில் எங்கள் வகுப்பு ஏன் தூங்கி வழிகிறது என்று பஞ்சாங்கத்தைப் பார்த்தாலே தெரியும்.

அதைவிடப் பெரியது ஒப்பந்ததாரரின் வேன். முதலாண்டு முடித்த பையனுக்கு அளவு பார்க்கத் தெரியும், வரைபடம் படிக்கத் தெரியும், ஷூ போட்டு நிற்கப் பழகியிருப்பான். சிலருக்குப் பதினெட்டும் ஆகியிருக்கும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் ஆலைகளுக்கு ஆள் எடுப்பவர்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? தென்மாவட்டத்துக் கிராமத்திலிருந்து வேன் வைத்தே ஏற்றிப் போகிறார்கள். வராத ஒரு பையனின் வீட்டுக்குப் போன் போட்டேன். அம்மா எடுத்தார். “சார், அவன் ஒரகடத்துக்குப் போய்ட்டான் சார். மாசம் பதினஞ்சு தர்றாங்களாம். ரூமும் சாப்பாடும் அவங்களே குடுத்துடுறாங்களாம். நல்லாப் படிக்கிற பையன்தான் சார், நீங்க அவனைத் திட்டாதீங்க.” திட்ட என்ன இருக்கிறது? அந்த வீட்டுக்குப் பதினைந்தாயிரம் என்றால் மழைக்கு முன்னால் கூரை.

ஆனால் அந்த வேலை எவ்வளவு நாள் என்று அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒப்பந்தம் முடிந்தால் பையன் வெளியே. அவன் இடத்துக்கு அடுத்த வேன். கையில் சான்றிதழ் இல்லை. ரயில்வேயில் உதவி லோகோ பைலட் தேர்வுக்கு ஐ.டி.ஐ. போதும், மின்வாரியக் கள உதவியாளர் வேலைக்கு ஐ.டி.ஐ. வேண்டும், திருச்சி பெல், நெய்வேலி என்.எல்.சி., பெரம்பூர் ஐ.சி.எஃப். ஆகிய இடங்களில் ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கான அப்ரண்டிஸ் இடங்கள் இருக்கின்றன. பத்தாம் வகுப்பு முடித்து இரண்டாண்டு ஐ.டி.ஐ.யும் முடித்தால், மொழித்தாளை மட்டும் எழுதிப் பிளஸ் டூவுக்குச் சமமான தகுதி வாங்கலாம். பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாமாண்டு சேரலாம். ஒன்றரை ஆண்டு படித்துவிட்டுப் போனவனுக்கு இவற்றில் ஒரு கதவும் திறக்காது. பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு வந்தான், அதே சான்றிதழோடு போகிறான்.

எனக்கு இதில் ஒப்பந்ததாரர் மேல் வருகிற கோபத்தைவிட, அவரிடமிருந்து ஆள் வாங்கும் ஆலைகள் மேல் வருகிற கோபம் அதிகம். திறன் உள்ள ஆள் கிடைக்கவில்லை என்று கருத்தரங்கில் பேசுகிறவர்களும் இவர்கள்தான், திறன் பாதி ஏறிய பையனைப் பட்டறையிலிருந்து தூக்கிக்கொண்டு போகிறவர்களும் இவர்கள்தான். 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டம் இருக்கிறது. 2019 விதித்திருத்தம் ஐ.டி.ஐ. முடித்த அப்ரண்டிஸுக்கு மாதம் குறைந்தது 7,000 ரூபாய் என்று வைத்தது. படிக்கும்போதே ஒரு பகுதியை ஆலையில் கழிக்கும் இரட்டைப் பயிற்சி முறையும் இருக்கிறது. அதில் ஒழுங்காகக் கையெழுத்திட்டு எடுத்துக்கொண்டால் பையனுக்குக் காசும் கிடைக்கும், சான்றிதழும் கிடைக்கும். ஆனால் அங்கேயும் ஒரு கண் வைக்க வேண்டும்: இரட்டைப் பயிற்சி என்று கூட்டிப்போய்ப் பெட்டி அடுக்கவிட்ட கதையும் உண்டு.

நிறுத்தி வைக்க முடியாதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்குத் திரும்பி வரும் வழியை வைக்கலாமே? படித்த அளவுக்குக் கிரெடிட் சேர்த்து வைக்கலாம் என்கிறது ஒன்றிய அரசு 2023இல் வெளியிட்ட தேசியக் கிரெடிட் கட்டமைப்பு. முதலாண்டு பாஸ் செய்தவன் மூன்று ஆண்டு ஒரகடத்தில் உழைத்துவிட்டு இருபத்தொரு வயதில் திரும்பி வந்தால், மறுபடி முதல் நாளிலிருந்து ராவச் சொல்லாமல் இரண்டாமாண்டில் உட்கார வைக்க வேண்டும். அவன் போனதை இடைநிற்றல் என்று எழுதாமல் இடைவெளி என்று எழுதலாம்.

பெண்கள் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். எங்கள் ஃபிட்டர் பிரிவில் சேர்ந்த ஓரிரு பெண்கள் படிப்பில் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. அவர்களை அலைக்கழித்தது பூட்டிய கழிப்பறையும் மாலை இருட்டியபின் வரும் பஸ்ஸும்.

தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் நவீனமாக்கும் திட்டம் வந்தது. ரோபோவும் சி.என்.சி.யும் உண்மையாகவே வந்திருக்கின்றன. ஓய்வுபெற்றவன் என்றாலும் அந்தக் கூடங்களைப் பார்த்தால் எனக்குக் கை ஊறுகிறது. பையன்கள் கண்ட கனவு இனிமேல் பொய்யில்லை. ஆனாலும் மெஷினுக்காக யாரும் இரண்டு வருடம் தங்குவதில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிடும் ஒரு சாருக்காகத் தங்குகிறார்கள். அந்த சார் ஓய்வு பெற்றுப் போனபின் அவர் இடம் காலியாகக் கிடந்தால், பக்கத்துப் பிரிவுக்காரர் இரண்டு வகுப்பையும் பார்ப்பார். அவர் ஒரு வகுப்பில் இருக்கும்போது இன்னொரு வகுப்பு சுவர் ஏறும். ஒரு பிரிவில் இடைநிற்றல் கூடினால் முதலில் அந்த வகுப்புக்கு ஆள் இருந்தாரா என்று பாருங்கள். பையனின் குடும்பச் சூழ்நிலையை அப்புறம் ஆராயலாம்.

இலக்கு வைக்கத்தான் போகிறீர்கள் என்றால், ஆண்டுக் கடைசியில் முதல்வரிடம் சதவீதம் கேட்காதீர்கள். வேறு சிலவற்றைக் கேளுங்கள். தொடர்ந்து மூன்று நாள் வராத பையனின் வீட்டுக்கு யார் பேசினார், எந்தத் தேதியில்? முதல் ஆறு வாரத்தில் அவன் கையால் முழுதாகச் செய்து முடித்த பொருள் என்ன? முதலாண்டுத் தேர்வு முடிந்த மறுவாரம் அவன் எங்கே இருந்தான்? போனவன் ஏன் போனான் என்று உண்மையை எழுதினால் விளக்கம் கேட்டுக் கடிதம் வராது என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்துப் போனவனையும் பனியன் கம்பெனிக்குப் போனவனையும் ஒரே கட்டத்தில் எழுதாதீர்கள். முன்னவன் எங்களுக்கு நஷ்டம், அவனுக்கு லாபம். கணக்கில் எண்ணிக்கை கொஞ்சம் அசிங்கமாகத்தான் வரும். வரட்டும்.

அடுத்த சேர்க்கைக்கு ஃபிளெக்ஸ் கட்டுமுன் துறை செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பிரிவிலும் காலியாகக் கிடக்கும் பயிற்றுநர் இடங்களை வகுப்பு தொடங்கும் நாளுக்குள் நிரப்ப வேண்டும். ஆள் இல்லாத வகுப்புக்குத் தக்கவைப்பு இலக்கு வைப்பதில் அர்த்தமில்லை.